நாட்குறிப்பில் எழுதிய காதல்

பெண்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளில் உலகப் புகழ் பெற்றவை மிகச் சில. இரண்டாம் உலகப் போரின்போது ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் பலரும் அறிவர். அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, 1873ஆம் ஆண்டு ஜனவரியில், பிரான்ஸ் நாட்டின் தென்கரையில் உள்ள நீஸ் நகரில் இன்னொரு பெண் தன் நாட்குறிப்பைத் தொடங்கினாள். அவள் பெயர் மரீ பாஷ்கிர்ட்செஃப். இன்றைய உக்ரேனின் பொல்டாவா வட்டாரத்தில், அன்றைய ரஷ்யப் பேரரசில், நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் 1858ஆம் ஆண்டு பிறந்தவள். நாட்குறிப்பை அவள் பிரெஞ்சு மொழியில் எழுதினாள். 1884ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி காசநோயால் இறக்கும் வரை, பதினொன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக அது தொடர்ந்தது.

இறந்தபோது அவளுக்கு வயது 25. மூன்றாண்டுகள் கழித்து, 1887இல், நாட்குறிப்பின் ஒரு பகுதி பாரிஸில் நூலாக வெளிவந்தது. ஐரோப்பாவே அதை வாங்கிப் படித்தது. பலமுறை இங்கிலாந்துப் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் 1889இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. ரஷ்யக் கவிஞர் மரீனா த்ஸ்வெதாயெவா 1910இல் வெளியிட்ட தம் முதல் கவிதைத் தொகுப்பை மரீயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

ஆயினும் அந்த நூலைப் படித்தவர்களில் ஒரு சாரார் முகம் சுளித்தனர். பட்டமும் பணமும் உள்ள ஆண்களைக் கண்டால் மனத்தைப் பறிகொடுக்கும் பெண், தற்பெருமைக்காரி, காதல் என்ற பெயரில் கனவு கண்டவள் என்றெல்லாம் பேசினர். அவர்கள் சுட்டிக்காட்டிய பக்கங்களில் முக்கியமானவை, 1876ஆம் ஆண்டு ரோம் நகரில் அவள் சந்தித்த பியெத்ரோ அந்தொனெல்லி என்ற இளைஞனைப் பற்றியவை. சொன்ன சொல்லில் நிற்காத அந்தப் பிரபு வீட்டுப் பிள்ளையிடம் அவள் வைத்தது காதலா, பேராசையா? அந்தக் காலத்தையும் அந்த இரண்டு வீடுகளையும் அறிந்து கொண்டால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

நீஸ் நகரத்து வீடு

மரீயின் தாயும் தந்தையும் பிரிந்து வாழ்ந்தவர்கள். தந்தை பொல்டாவாவிலேயே தங்கிவிட்டார். தாய் 1870இல் தம் தந்தை, சகோதரி, பிள்ளைகள், குடும்ப மருத்துவர் ஆகியோருடன் ரஷ்யாவை விட்டுப் புறப்பட்டார். வியன்னா, பாடன்பாடன், ஜெனீவா என்று பல ஊர்களில் தங்கிய பிறகு குடும்பம் நீஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் ஐரோப்பியச் செல்வந்தர்கள் வெயில் தேடி வந்து கூடும் ஊர் அது. கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் குதிரை வண்டிகள் அணிவகுக்கும். யார் யாருக்கு வணக்கம் சொல்கிறார்கள், யார் யாரைப் பார்க்காதது போலச் செல்கிறார்கள் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மரியாதை அடங்கியிருந்தது.

பாஷ்கிர்ட்செஃப் குடும்பத்திடம் பணம் இருந்தது. மரியாதைதான் இல்லை. கணவரைப் பிரிந்த தாய், குடித்துவிட்டு ரகளை செய்யும் தாய்மாமன், இறந்த கணவரின் சொத்துக்காகப் பெரியம்மா நடத்திய வழக்கு என்று ஊர் வாயில் விழுவதற்கு அந்த வீட்டில் எல்லாமே இருந்தன. உயர்குடி வீடுகளிலிருந்து அழைப்பு வரவில்லை. தங்களை ஏன் யாரும் அழைப்பதில்லை என்ற கேள்வி அந்தச் சிறுமியின் நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. அவள் காதலைப் பற்றி எழுதிய பக்கங்களையும் இந்த வேதனையைப் பற்றி எழுதிய பக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது விளங்காது.

பேசாத பிரபு

பியெத்ரோவுக்கு முன்பே அவள் மனத்தில் ஒருவர் இருந்தார். அவர் ஸ்காட்லாந்தின் 12ஆவது ஹாமில்டன் பிரபு. 1845இல் பிறந்தவர், பதினெட்டு வயதில் டியூக் பட்டத்துக்கு வந்தவர். குதிரைப் பந்தயத்தில் பெரும் பணத்தை விட்டவர். 1867இல் இங்கிலாந்தின் புகழ் பெற்ற கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்ற குதிரை அவருடையதுதான். நீஸ் நகரில் அவருடன் உலா வந்த ஆசைநாயகியை ஊரே அறிந்திருந்தது.

மரீ அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாலையில் வண்டியில் போகும்போது பார்த்ததோடு சரி. இருந்தும் அவரைத்தான் மணக்க வேண்டும் என்று இரவில் கடவுளிடம் வேண்டினாள். வேண்டியதையெல்லாம் எழுதியும் வைத்தாள். 1873ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கிலப் பாடம் நடந்து கொண்டிருந்தபோது, பாடம் சொல்லிக் கொடுத்த பெண்மணி பேச்சுவாக்கில் ஒரு செய்தியைச் சொன்னார்: ஹாமில்டன் பிரபுவுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. மரீ முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக் கொண்டாள். பாடம் முடியும் வரை அழுகையை அடக்கினாள். அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் பிரபு, மான்செஸ்டர் பிரபுவின் மகளை மணந்து கொண்டார்.

இதை விடலைப் பருவத்து மயக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மரீ அதை ஒதுக்கவில்லை. பின்னாளில் பழைய ஏடுகளை எடுத்துப் படித்தாள். தன் சொற்களுக்குப் பக்கத்திலேயே தன்னைக் கேலி செய்து குறிப்பு எழுதினாள். பழைய பக்கங்களைக் கிழிக்கவோ அழிக்கவோ இல்லை. அவளுடைய நாட்குறிப்பின் தனித்தன்மை இதில்தான் இருக்கிறது. ஏமாந்தவளும் அவளே, அந்த ஏமாற்றத்தை ஆராய்ந்து பார்ப்பவளும் அவளே.

ரோம் நகரத் திருவிழா

1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரீயின் குடும்பம் ரோம் நகருக்குச் சென்றது. அவளுக்கு அப்போது வயது 17. அன்றைய ரோம் இரண்டாகப் பிளந்து கிடந்த நகரம். 1870ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி இத்தாலியப் படை நகருக்குள் புகுந்ததோடு போப்பாண்டவரின் அரசாட்சி முடிவுக்கு வந்தது. ஒன்பதாம் பத்திநாதர் எனப்படும் போப்பாண்டவர் பயஸ், தம்மைக் கைதி என்று அறிவித்துக் கொண்டு வத்திக்கானை விட்டு வெளியே வர மறுத்தார். பிரபுக் குடும்பங்களும் இரண்டு அணிகளாயின. இத்தாலிய மன்னரை ஏற்றுக் கொண்டவர்களை வெள்ளை அணி என்றும், போப்பாண்டவரின் பக்கம் நின்றவர்களைக் கறுப்பு அணி என்றும் மக்கள் அழைத்தனர்.

கறுப்பு அணியில் மிகுந்த செல்வாக்குடையவர் கர்தினால் ஜாக்கமோ அந்தொனெல்லி. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் போப்பாண்டவரின் அரசுச் செயலாளராக இருந்தவர். கர்தினாலாக இருந்தும் குருப்பட்டம் பெறாதவர். அவருடைய குடும்பம் பழைய பிரபு வம்சம் அன்று. தெற்கே சொன்னினோ என்ற சிற்றூரிலிருந்து உழைத்து, வாணிகம் செய்து மேலே வந்து, பின்னர்ப் பட்டம் பெற்ற குடும்பம். கர்தினாலின் பதவியால் அவருடைய சகோதரர்களும் செல்வந்தர்களாயினர். அந்தச் சகோதரர்களில் ஒருவரின் மகன்தான் பியெத்ரோ. 1853ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்தவன். மரீயைவிட ஐந்து வயது மூத்தவன்.

தவக்காலத்துக்கு முன்பு ரோமில் நடக்கும் கார்னிவல் திருவிழாவில் இருவரும் ஒருவரையொருவர் கண்டனர். கோர்சோ என்ற நீண்ட தெருவில் வண்டிகளில் செல்வோரும் மாடங்களில் நிற்போரும் மலர்ச் செண்டுகளை வீசி விளையாடும் நாட்கள் அவை. முகமூடி அணிந்தவர் யாரிடமும் பேசலாம். ஆண்டு முழுவதும் கட்டிக் காத்த கட்டுப்பாடு சில நாட்களுக்குத் தளரும். பியெத்ரோ அழகன், பேச்சில் வல்லவன். மரீயின் வண்டியைத் தொடர்ந்து வந்தான், வீட்டுக்கு வரப் போக வழி தேடிக் கொண்டான். குதிரையேறி நகருக்கு வெளியே உலாவச் சென்றபோது காதலைச் சொன்னான்.

மரீ அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், தான் சொன்ன மறுமொழியையும், அப்போது அணிந்திருந்த உடையையும்கூட அன்றிரவே எழுதினாள். ஒரு நாள் அவனைக் காதலிப்பதாக எழுதுவாள். மறுநாள் அவனிடம் தனக்குக் காதல் இல்லை, தான் காதலிக்கப்படுவதில்தான் காதல் என்று எழுதுவாள். இன்னொரு நாள் கர்தினாலின் குடும்பத்தில் மருமகளாகப் போவதன் பெருமையைக் கணக்கிடுவாள். மனம் மாறிய ஒவ்வொரு வேளையையும் மறைக்காமல் பதிந்ததால்தான் அவளைப் பேராசைக்காரி என்று சொல்பவர்களுக்கும் ஏமாந்த பெண் என்று இரங்குபவர்களுக்கும் ஒரே நூலில் சான்று கிடைக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார்

பியெத்ரோவின் கையில் சொந்தப் பணம் கிடையாது. கடன்தான் இருந்தது. தந்தையின் தயவையும் கர்தினாலின் தயவையும் எதிர்பார்த்து வாழ்ந்தவன். ஊதாரித்தனத்துக்குத் தண்டனையாகக் குடும்பத்தார் அவனைச் சில நாள் மடத்தில் தங்கித் தவம் செய்ய அனுப்பினர். கடன் அடைய வேண்டுமானால் அவன் அதற்குப் பணிந்தே ஆக வேண்டும். நீஸ் நகருக்கு வந்து சந்திப்பதாகச் சொல்லியிருந்தவன் வரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது அவன் நிலைக்குப் பொருந்தும்.

திருமணப் பேச்சும் நடக்காமல் இல்லை. இடையில் நின்று பேசியவர்கள் மரீயின் தாயிடம் வந்து சாடைமாடையாகக் கேட்டனர். மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் தடை மதம். மரீ ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவள். போப்பாண்டவரின் அரசுச் செயலாளருடைய குடும்பத்தில் வேறு திருச்சபைப் பெண் மருமகளாக வருவதை எப்படி ஏற்பது? அவள் கத்தோலிக்கராக மாற வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அதற்கு மரீயின் வீட்டார் தயாராக இல்லை. இரண்டாவது தடை, பெண் வீட்டைப் பற்றிய பேச்சு. தந்தை எங்கே, வழக்கு என்ன ஆயிற்று, சீதனம் எவ்வளவு என்று விசாரிக்கும் பழக்கம் ஐரோப்பியப் பிரபுக்களிடமும் இருந்தது.

1876ஆம் ஆண்டு மே மாதம் மரீ மறுபடியும் ரோமுக்குச் சென்றாள். ஓர் இரவில், மாடிப்படியின் அடியில், வீட்டார் அறியாமல் பியெத்ரோவைச் சந்தித்தாள். அவன் அவளை முத்தமிட்டான். வாழ்க்கையில் முதல் முத்தம். அவள் அதையும் எழுதினாள். ஒரு பெண்ணின் பெயர் கெடுவதற்கு அந்த ஒரு வரி போதும் என்பதை நன்கறிந்தே எழுதினாள். அந்தச் சந்திப்புக்காகப் பின்னர் வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தையும் எழுதினாள்.

பிறகு அவனிடமிருந்து உறுதியான சொல் எதுவும் வரவில்லை. சண்டையில்லை, மறுப்பில்லை, வெறும் மௌனம். மறுத்துவிட்டால் மனம் ஆறும். பதில் சொல்லாமல் இழுத்தடிப்பவனோ பெண்ணைக் காத்திருக்க வைக்கிறான். அந்தக் கோடை முழுவதும் மரீ எழுதிய பக்கங்கள் இந்தக் காத்திருத்தலைப் பற்றியவை.

அவ்வாண்டு ஆகஸ்டில் அவள் ரஷ்யாவுக்குப் பயணமானாள். தந்தையைத் தேடிச் சென்றாள். பிரிந்த பெற்றோரை ஒன்று சேர்த்துவிட்டால் குடும்பத்தின் மீது விழுந்த களங்கம் நீங்கும் என்பது அவள் எண்ணம். 17 வயதுப் பெண் தன் திருமணத்துக்கு ஏற்ற வீட்டைத் தானே கட்டியெழுப்பப் புறப்பட்டாள். தந்தையைப் பேசி இணங்க வைத்து உடன் அழைத்தும் வந்தாள். ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் 6ஆம் தேதி கர்தினால் அந்தொனெல்லி காலமானார். பியெத்ரோ எவரைக் காட்டித் தயங்கினானோ அவர் இப்போது இல்லை. இருந்தும் அவன் பெண் கேட்டு வரவில்லை. குடும்பம் தடுத்தது பாதி, அவனுக்கே மனத்திடம் இல்லாதது மீதி என்பது அப்போது தெரிந்தது.

காதலா, பேராசையா?

மரீயின் நாட்குறிப்பை நடுநிலையோடு படிப்பவருக்கு ஒன்று விளங்கும். அவள் தேடியது ஒரு கணவனை மட்டும் அன்று. உலகத்தில் தனக்கென ஓர் இடத்தைத் தேடினாள். புகழ் வேண்டும், பேர் சொல்லும் வாழ்க்கை வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே எழுதி வந்தாள். முதலில் பாடகியாக நினைத்தாள். தொண்டை நோய் அவள் குரலைக் கெடுத்தது. அரசியல், பொதுவாழ்வு எல்லாம் பெண்ணுக்கு மூடிய கதவுகள். 1870களின் ஐரோப்பாவில் பிரபுக் குடும்பத்துப் பெண் மேலே வருவதற்குத் திறந்திருந்த ஒரே கதவு திருமணம்.

ஆண் பட்டத்துக்கு ஆசைப்பட்டால் அதை இலட்சியம் என்பார்கள். பெண் அதே ஆசையைத் திருமணத்தின் வழியாக அடைய முயன்றால் பேராசை என்பார்கள். பியெத்ரோவின் குடும்பமே பட்டத்தையும் பணத்தையும் ஒரு கர்தினாலின் பதவியால் பெற்றதுதான். அதை யாரும் பேராசை என்று அந்த இளைஞனிடம் சொல்லவில்லை. மரீக்குக் காதல் இருந்தது, ஆசையும் இருந்தது. இரண்டும் கலந்திருந்ததை ஒளிக்காமல் சொன்னதுதான் அவள் செய்த குற்றம். ஒளித்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எவரும் எழுதி வைக்கவில்லை.

தூரிகை பிடித்த கை

1877ஆம் ஆண்டு அக்டோபரில் மரீ பாரிஸ் நகரின் ஜூலியன் கலைக்கூடத்தில் ஓவியம் பயிலச் சேர்ந்தாள். பிரெஞ்சு அரசின் நுண்கலைக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1897ஆம் ஆண்டில்தான். அதுவரை பெண்கள் தனியார் கலைக்கூடங்களுக்கே செல்ல வேண்டியிருந்தது. அங்கே ஆண்களைவிடக் கூடுதல் கட்டணமும் கட்டினர். மரீ காலையிலிருந்து மாலை வரை அங்கே உழைத்தாள். பட்டு உடைகளைப் பற்றி எழுதிய கை, இப்போது உருவங்களின் அளவையும் சக மாணவிகளின் திறமையையும் பற்றி எழுதியது. யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்பதும் மாறியது. முன்பு சீமாட்டிகள், இப்போது நன்றாக வரையும் தோழிகள்.

1881இல் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய உபெர்த்தின் ஒக்லேர் நடத்திய பத்திரிகையில் பொலீன் ஓரெல் என்ற புனைபெயரில் எழுதினாள். பெண்களுக்கு ஏன் அரசுக் கலைக் கல்லூரியில் இடமில்லை என்று கேட்டாள். அதே ஆண்டில் கலைக்கூடத்தில் பெண்கள் கூடி வரையும் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினாள். அது இன்று உக்ரேனின் தினிப்ரோ நகர அருங்காட்சியகத்தின் உடைமை. தெருவோரத்தில் ஏழைச் சிறுவர்கள் கூடி நிற்கும் அவளுடைய ஓவியம் 1884ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் மக்களைக் கவர்ந்தது. பதக்கம் கிடைக்காதது அவளை வாட்டியது. அந்த ஓவியம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். பட்டத்துப் பிரபுவின் மனைவியாக அவள் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஓவியத்தின் அடியில் அவள் தானே எழுதிய கையெழுத்து நிலைத்துவிட்டது.

ஏமாற்றம் அவளை ஓவியராக்கியது என்று சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். அது உண்மையாகாது. பியெத்ரோவைச் சந்திப்பதற்கு முன்பே அவளிடம் ஆற்றல் இருந்தது. திருமணம் என்ற கதவு மூடியபோது இன்னொரு கதவைத் தள்ளிப் பார்த்தாள், அது திறந்தது. ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. காது மந்தமானது, நுரையீரல் நோய் முற்றியது. அவளுக்குக் கிடைத்தது ஏழே ஆண்டுகள்.

அச்சில் வந்ததும் வராததும்

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1884 மே மாதத்தில், மரீ தன் நாட்குறிப்புக்கு ஒரு முன்னுரை எழுதினாள். தான் புகழ் பெறாமல் இறந்தாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை மறைக்காமல் எழுதப்பட்டது என்பதற்காகவே இது மதிப்புப் பெறும் என்பது அதன் கருத்து. எதையும் மறைக்கவில்லை என்பதே அவள் கொடுத்த உறுதிமொழி.

அந்த உறுதிமொழியைக் காப்பாற்றாதவர்கள் வீட்டார்தான். 1887இல் எழுத்தாளர் ஆந்த்ரே தெரியே பதிப்பித்து வெளியிட்ட நூலில் குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதியவை நீக்கப்பட்டன. வழக்குகள், மாமன் செய்த ரகளை, ஊரார் ஒதுக்கிய அவமானம், பெண்ணுரிமைப் பேச்சு ஆகியவை குறைக்கப்பட்டன. அவள் வயதைக்கூட விட்டு வைக்கவில்லை. 1858இல் பிறந்தவளை 1860இல் பிறந்தவளாக ஆக்கினர். இதனால் ஹாமில்டன் பிரபுவை நினைத்து உருகிய 14 வயதுப் பெண், அச்சில் 12 வயதுச் சிறுமியானாள். ரோமில் மாடிப்படியருகே நின்ற 17 வயதுப் பெண் 15 வயதுக் குழந்தையானாள்.

இதன் விளைவு என்ன? குடும்பத்தின் சங்கடங்கள் மறைந்து போனதால், அவளுடைய பதற்றத்துக்கான காரணமும் மறைந்தது. எஞ்சியது காதல் பிதற்றலும் தற்பெருமையும்தான். ஐரோப்பா அதைப் படித்துவிட்டுத்தான் அவளைப் புகழ்ந்தது, அதைப் படித்துவிட்டுத்தான் இகழ்ந்தது. 80க்கும் மேற்பட்ட கையெழுத்துக் குறிப்பேடுகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் தூங்கிக் கொண்டிருந்தன. 1985இல் கொலெத் கொஸ்னியே என்ற ஆய்வாளர் மூல ஏடுகளைப் பார்த்து, திருத்தப்படாத மரீயின் வரலாற்றை நூலாக எழுதினார். 1995ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை முழு நாட்குறிப்பும் 16 தொகுதிகளாக அச்சேறியது. அவள் எழுதி முடித்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அவளுடைய முழுக் குரலும் வெளியே வந்தது.

இரண்டு மொழியில் ஒரே வாக்கு

பியெத்ரோ அந்தொனெல்லியின் கதை ரோமில் முடியவில்லை. 1879இல் அவன் ஆப்பிரிக்காவுக்குச் சென்றான். எத்தியோப்பியாவின் ஷோவா நாட்டில் மன்னர் மெனெலிக்கின் அரசவையில் நெருங்கிப் பழகி, இத்தாலியின் தூதராக உயர்ந்தார். போப்பாண்டவரின் பக்கம் நின்ற குடும்பத்துப் பிள்ளை, போப்பாண்டவரின் ஆட்சியைப் பறித்த அரசுக்கே பணிபுரிந்தார்.

1889ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி இத்தாலிக்கும் மெனெலிக்குக்கும் இடையே கையெழுத்தான உச்சாலி உடன்படிக்கையைப் பேசி முடித்தவர் அவரே. அது இத்தாலிய மொழியிலும் அம்ஹாரிக் மொழியிலும் எழுதப்பட்டது. அதன் 17ஆவது பிரிவில்தான் சிக்கல். எத்தியோப்பிய மன்னர் பிற நாடுகளோடு பேச இத்தாலியின் உதவியைப் பெற்றுக் கொள்ளலாம் என்று அம்ஹாரிக் வாசகம் கூறியது. இத்தாலிய வாசகமோ மன்னர் அவ்வாறு செய்ய இசைந்துவிட்டார் என்றது. அதை வைத்துக் கொண்டு எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி உலகுக்கு அறிவித்தது. இது மொழிபெயர்ப்புப் பிழையா, திட்டமிட்ட சூழ்ச்சியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மெனெலிக் உடன்படிக்கையை நிராகரித்தார். அந்தொனெல்லி நேரில் போய்ப் பேசியும் பயனில்லை. மெனெலிக்கின் அரசி தைத்து அவரை உறுதியோடு எதிர்த்தார். 1896ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி அத்வாவில் நடந்த போரில் இத்தாலியப் படை படுதோல்வி அடைந்தது. ஆப்பிரிக்க நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசை வென்று தன் விடுதலையைக் காத்துக் கொண்ட நிகழ்ச்சியாக அது இன்றும் போற்றப்படுகிறது. அந்தொனெல்லி 1901இல் காலமானார்.

இளமையில் ஒரு பெண்ணிடம் தயங்கியதையும் பின்னாளில் ஒரு நாட்டோடு செய்த உடன்படிக்கையையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. ஆயினும் இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. வாக்குக் கொடுத்தவருக்கு ஒரு பொருளும் பெற்றவருக்கு வேறொரு பொருளும் ஆகும்போது, உண்மையைக் காட்டுவது எழுத்து ஒன்றுதான். மெனெலிக்கிடம் அம்ஹாரிக் வாசகம் இருந்தது. அதைக் காட்டித்தான் அவர் தம் நாட்டுக்காக வாதிட்டார். மரீயிடம் நாட்குறிப்பு இருந்தது.

அந்தக் காலத்தில் காதலில் கைவிடப்பட்ட பெண்ணின் கதையை ஊர்தான் சொல்லும். அவள் எப்படி நடந்து கொண்டாள், எதற்கு ஆசைப்பட்டாள், எங்கே தவறினாள் என்பதையெல்லாம் மற்றவர்களே முடிவு செய்வர். ஆணின் பெயர் தப்பிவிடும். மரீ அந்த உரிமையை ஊருக்கு விட்டுக் கொடுக்கவில்லை. தன் மயக்கம், தன் கணக்கு, தன் வெட்கம் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினாள். வீட்டார் வெட்டினார்கள், வயதைக் குறைத்தார்கள். மூல ஏடுகள் அழியாமல் இருந்ததால் அவள் சொன்னது மறுபடியும் தழைத்தது.

வீட்டில் ஒரு பெண் பிள்ளை எதையாவது எழுதிப் பூட்டி வைத்தால், அது படிப்பைக் கெடுக்கும் வேலை என்று கடிந்து கொள்ளும் பெற்றோர் எங்கும் உண்டு. அந்த ஏட்டில் இருப்பது வெறும் மயக்கமாகவே இருக்கலாம். ஆனால் மயக்கத்தை எழுதத் தெரிந்தவள், ஒரு நாள் அதைத் திரும்பப் படித்துத் தெளிவும் பெறுவாள். பியெத்ரோவுக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு, காத்திருந்தது போதும் என்று எடுத்துச் சொல்ல நல்ல துணை வேறு எவரும் வாய்க்கவில்லை. அவள் எழுதிய பக்கங்களே அவளுக்கு அதைச் சொல்லின.